சாவி யார் மடியில்?

வேலைத்தளத்தில் ஒரு தொழிலாளி செத்தால் மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வருகிறது. "மின்சாரம் தாக்கிப் பலி." "சாரம் சரிந்து பலி." "தொட்டியில் இறங்கியவர் மூச்சுத் திணறிப் பலி." மின்சாரம் தாக்கியதாம், சாரம் தானாகவே சரிந்ததாம்! மின்சாரம் என்ன, ஆனைமலைக் காட்டிலிருந்து இறங்கி வந்த புலியா, பதுங்கியிருந்து பாய்வதற்கு? அதைக் கம்பி வழியே கொண்டுவந்தவன் உண்டு. சுவிட்சைப் போட்டவன் உண்டு. அந்த நேரத்தில் அதை நிறுத்தி வைத்திருக்க வேண்டியவனும் உண்டு. இந்தக் கடைசி ஆளைப் பற்றி மட்டும் அந்த நாலு வரியில் ஒரு சொல்லும் இருக்காது.

திருப்பூர் வட்டாரத்தில் கட்டிட வேலை ஓய்ந்த நாளே கிடையாது. பனியன் கம்பெனிக்கு மேல்மாடி, மில்லுக்குப் பக்கத்தில் ஹாஸ்டல், சாயப்பட்டறைக்குப் புதிய பாய்லர் கூடம் என்று எழும்பிக்கொண்டே இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. நொய்யலில் ஒரு சொட்டுச் சாயக்கழிவும் விழக்கூடாது என்ற நிபந்தனையோடு அவை திரும்பத் திறந்தன. அதன் பிறகு சுத்திகரிப்பு நிலையங்களில் அழுத்தப் பம்புகளும், உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கும் யந்திரங்களும், ஆழமான தொட்டிகளும் பெருகிவிட்டன. அவற்றுக்கு நடுவிலும் ஒட்டுவேலையும் கட்டுவேலையும் நடந்துகொண்டே இருக்கின்றன.

யந்திரம் ஓடுகிறது, பத்தடி தள்ளிக் கொத்தனார் சுவர் எழுப்புகிறார். மழை பொய்த்த வருஷத்தில் தாராபுரம், மூலனூர், காங்கயம் பக்கத்து விவசாயக் கூலிகள் மண்வெட்டியை வைத்துவிட்டுச் சித்தாள் வேலைக்குப் பஸ் ஏறுகிறார்கள். ஆகவே, இது கொத்தனாருக்கும் சென்ட்ரிங் தொழிலாளிக்கும் மட்டும் உரிய பிரச்னை என்று மில் தொழிலாளியோ விவசாயத் தொழிலாளியோ ஒதுங்கி நிற்க முடியாது.

நாம் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. எவருடைய உடம்பு ஆபத்துக்குள் இருக்கிறதோ, அவருடைய மடியில்தான் சாவி இருக்க வேண்டும். முதலாளியின் மேஜையில் இருந்தால் போதாது; காண்ட்ராக்டரின் ஜேபியில் இருந்தாலும் போதாது. எலக்ட்ரீஷியன் எவ்வளவு நல்லவரானாலும் அவர் கையில் மட்டும் இருந்தால் போதாது.

நிறுத்தியது வேறு, அடங்கியது வேறு

தோட்டத்தில் கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைக் கழற்றிய விவசாயத் தொழிலாளிக்கு இது புதிதாக இராது. மும்முனை மின்சாரம் போய்விட்டது. "கரண்டு இல்லையே" என்று இறங்குகிறார். மேலே ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறது. மின்சாரம் திரும்பி வந்ததும் யாரும் தொடாமலே மோட்டார் ஓடும். அதற்காகத்தான் அதை மாட்டினார்கள். கிணற்றுக்குள் ஆள் இருப்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. கரண்டு இல்லாமல் இருப்பது ஒன்று, கரண்டை நாம் துண்டித்து வைத்திருப்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஒரு மனித உயிர்.

கட்டிட வேலைத்தளத்துக்கு வருவோம். கான்கிரீட் கலவை மிஷினின் தொட்டி மேலே தூக்கி நிற்கிறது. கீழே குழியில் சிந்திய கலவையைச் சுரண்ட ஒரு பெண் தொழிலாளி குனிகிறார். இன்ஜினை நிறுத்தியாகிவிட்டது. ஆனால் ஜல்லியும் மணலும் நிறைந்த தொட்டியை ஒரே ஒரு இரும்புக் கயிறுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் நழுவினால் இன்ஜின் ஓடத் தேவையில்லை. பூமியே தொட்டியைக் கீழே இழுத்துக்கொள்ளும். அந்தத் தொட்டியைக் கீழே இறக்கி வைக்க வேண்டும்; அல்லது சங்கிலி போட்டுக் கட்டி, ஆணி செருகியிருக்க வேண்டும். மண் அள்ளும் மிஷினின் தூக்கிய வாளிக்கும், டிப்பர் லாரியின் தூக்கிய பெட்டிக்கும் இதே நியாயம்தான்.

மின்சாரமும் அப்படியே. மெயினை இறக்கிய பிறகும் கபாசிட்டர் பேனலில் மின்சாரம் தேங்கி நிற்கும். பைப்பில் நீராவி அடைபட்டிருக்கும். கம்ப்ரஸர் நின்றாலும் டாங்கியில் காற்று அழுத்தம் இருக்கும். மின்சாரம், நீராவி, காற்றழுத்தம், எண்ணெய் அழுத்தம், மேலே நிற்கும் பளு, தொட்டியில் தேங்கும் வாயு எல்லாம் ஒரே குடும்பம். சத்தம் போடும்போது நாமே ஜாக்கிரதையாக இருக்கிறோம். சத்தமில்லாமல் இருக்கும்போதுதான் கொல்கின்றன.

நெய்வேலியை நினைத்துப் பாருங்கள். 2020 மே 7 அன்று இரண்டாம் அனல் மின் நிலையத்தில் ஒரு கொதிகலன் வெடித்தது. இரண்டு மாதம் ஆவதற்குள், ஜூலை 1 அன்று, அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன். அன்றைக்கே 6 பேர் மாண்டார்கள். பிறகு மருத்துவமனையில் மேலும் பலர் மாண்டார்கள். கொதிகலன் அப்போது ஓட்டத்தில் இல்லை என்றுதான் நிர்வாகத்தின் தரப்பில் சொன்னார்கள். ஓடாத கொதிகலன் எப்படி ஆளைக் கொல்லும் என்று கேட்பவர்கள், நின்றது அடங்கியதாகிவிடாது என்ற முதல் பாடத்தையே படிக்காதவர்கள்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில், அனல் மின் நிலையக் கட்டுமானத்தில், உயரத்தில் அமைத்துக்கொண்டிருந்த இரும்பு வளைவு சரிந்து 9 புலம்பெயர் தொழிலாளிகள் இறந்தார்கள். அங்கே கொன்றது மின்சாரமுமல்ல, நீராவியுமல்ல, பளு. மேலே ஏற்றிய ஒவ்வொரு டன் இரும்பும், இறுக்கிக் கட்டி முடிக்கும் வரை, கீழே வரக் காத்திருக்கும் சக்திதான்.

தேருக்கு நிறுத்துகிறோம், ஆளுக்கு நிறுத்துவதில்லை

நம் ஊர்களில் தேர் ஓடும் நாளில் என்ன செய்கிறோம்? மின்வாரிய ஊழியர்கள் வருகிறார்கள். தேர் வீதிக்கு வருமுன் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகுதான் திரும்பக் கொடுக்கிறார்கள். இந்த ஏற்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதை 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் அருகே களிமேடு காட்டியது. தேரின் அலங்காரம் உயர் மின்னழுத்தக் கம்பியில் பட்டது. 11 பேர் மாண்டார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு.

வருஷத்துக்கு ஒரு நாள் ஓடும் தேருக்கு இந்த ஏற்பாடு தேவை என்று ஊரே ஒப்புக்கொள்கிறது. கட்டிடத்தில் தினந்தோறும் தேர் ஓடுகிறதே! கம்பி கட்டும் தொழிலாளி தூக்கும் இரும்புக் கம்பியின் நீளம் 12 மீட்டர், அதாவது நாற்பது அடி. 11,000 வோல்ட் மின்கம்பிக்கும் கட்டிடத்துக்கும் இடையே பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், மேலே 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்று மின்சாரப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அந்த இடைவெளியை விட்டுத்தான் கட்டுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நாற்பதடிக் கம்பியைத் தோளில் வைத்து ஒரு ஆள் மாடியில் திரும்பினால், 1.2 மீட்டர் எந்த மூலைக்கு? அளவு, நிற்கும் சுவரை நினைத்துப் போட்டது. வேலை செய்கிற ஆள் அசைகிறவர். ஆகவே மின்கம்பி அருகில் கம்பி ஏற்றும் வேலை நடக்கும் நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

மின்வாரியத் தொழிலாளிகளிடம் இதற்கு ஒரு முறை உண்டு. "லைன் கிளியர்" வாங்காமல் கம்பத்தில் ஏறக்கூடாது என்பது அவர்கள் விதி. எழுத்தில் அனுமதி வேண்டும். சுவிட்சைத் திறக்க வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதிக்க வேண்டும். பிறகு கம்பியைப் பூமியோடு இணைக்க வேண்டும். ஏன் பூமியோடு இணைக்கிறார்கள்? மின்வாரியம் நிறுத்திய லைனில், ஒரு பட்டறைக்காரர் முறையான மாற்றுச் சுவிட்சு இல்லாமல் தம் ஜெனரேட்டரை ஓட்டினால், மின்சாரம் பின்வழியாக லைனுக்குள் ஏறும். ஆஸ்பத்திரி, பனியன் கம்பெனி, கல்யாண மண்டபம் எதிலிருந்தும் வரலாம். முன்வாசலைச் சாத்தியவர் பின்வாசலையும் பார்க்க வேண்டும். இந்த முறையைப் படித்தவர்கள் எல்லோரும் நம் வர்க்கத்தார். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அதைச் சொல்லிக் கொடுக்காமல், உபகரணமும் கொடுக்காமல் அவசரப்படுத்திக் கம்பத்தில் ஏற்றும்போதுதான் முறை செத்து ஆளும் சாகிறார்.

அட்டை போதுமா?

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். மில்லுக்குள் புதிய கூரை போடுகிறார்கள். சுவரோரம் மின் கேபிள் போகிறது. மேஸ்திரி கேட்கிறார்: "அண்ணா, லைனை ஆப் பண்ணியாச்சுங்களா?" மில் எலக்ட்ரீஷியன் சொல்கிறார்: "ஆச்சுங்க மேஸ்திரி, நீங்க பாட்டுக்கு ஏறுங்க." இருவரும் உண்மையே பேசினார்கள். எலக்ட்ரீஷியன் சுவிட்சில் "ஆள் வேலை செய்கிறார்" என்று ஒரு அட்டையும் மாட்டினார். பிறகு ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போனார். அடுத்த ஷிப்டுக்காரர் வந்தார். அட்டை காற்றில் விழுந்து கிடந்தது. மிஷின் நிற்பதைப் பார்த்தார். ஷிப்மெண்டுக்கு நாள் நெருங்குகிறது என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். சுவிட்சைப் போட்டார். இதில் கெட்டவர் யார்? ஒருவருமில்லை. கெட்டது ஏற்பாடு.

இந்த ஷிப்டு மாறும் நேரம் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு உலகப் பிரசித்தி பெற்ற சாட்சி ஒன்று உண்டு. 1988 ஜூலை 6 அன்று பிரிட்டனின் வடகடலில் பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய் மேடையில், பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். அதைக் குறித்த காகிதச் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்பு நின்றதும், இரவு ஷிப்டார் இந்தப் பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் மாண்டார்கள். காகிதம் இருந்தது, பூட்டு இல்லை. கோடானுகோடி பணம் போட்ட மேடையிலேயே காகிதத்தை நம்பி இந்தக் கதி என்றால், நம் ஊர் அட்டையின் கதி என்ன?

அட்டைக்கு இன்னொரு குறை. திருப்பூரில் இன்று பீகார், ஒடிசா, அஸ்ஸாம், ஜார்க்கண்டுத் தொழிலாளிகள் நம்மோடு தோளோடு தோள் நின்று உழைக்கிறார்கள். தமிழில் எழுதிய அட்டை அவர்களுக்கு வெறும் கோடு. இந்தியில் எழுதினால் மூலனூரிலிருந்து வந்த அம்மாவுக்கு வெறும் கோடு. பூட்டுக்கு மொழி கிடையாது. பூட்டிய சுவிட்சை எந்த மொழிக்காரரும் போட முடியாது.

பூட்டுக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. பக்கத்தில் திண்டுக்கல் இருக்கிறது. 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடைகளுக்கும் கோயில் உண்டியலுக்கும் பூட்டுச் செய்து கொடுத்த ஊர் அது. பணத்துக்குப் பூட்டு உண்டு, பண்டத்துக்குப் பூட்டு உண்டு. உழைப்பவன் உயிருக்கு மட்டும் ஒரு கயிறும் அட்டையுமா?

செய்ய வேண்டிய முறை நீண்டதல்ல. முதலில், இந்த வேலைக்கு எங்கெங்கிருந்து சக்தி வருகிறது என்று எண்ண வேண்டும்: மெயின், ஜெனரேட்டர், நீராவி, காற்று, மேலே நிற்கும் பளு. இரண்டாவது, ஒவ்வொன்றையும் நிறுத்த வேண்டும். மூன்றாவது, நிறுத்திய இடத்தில் பூட்டுப் போட வேண்டும். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டு. ஒரே கொக்கியில் பல பூட்டு மாட்டும் கவ்வி கடையில் கிடைக்கிறது. கடைசி ஆள் தன் பூட்டைத் திறக்கும் வரை சுவிட்சு மேலே ஏறாது. நான்காவது, தேங்கியதை வடிக்க வேண்டும்: நீராவியை வெளியே விட வேண்டும், கபாசிட்டரை அடக்க வேண்டும், தொட்டியைக் கீழே இறக்க வேண்டும். ஐந்தாவது, ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆள் உள்ளே போகுமுன் பட்டனை அழுத்திப் பாருங்கள். மின்கம்பியானால் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஓடவில்லை என்று கண்ணால் கண்ட பிறகே கை வையுங்கள்.

பழைய எலக்ட்ரீஷியன்கள் பூட்டுக்குக் காத்திருக்கவில்லை. பியூஸ் கேரியரைப் பிடுங்கித் தம் மடியில் கட்டிக்கொண்டு ஏறினார்கள். படிப்பில்லாத தொழிலாளி தன் அனுபவத்தால் கண்ட விஞ்ஞானம் அது. பூட்டு அந்த மடிக்குப் பதிலாக வந்த கருவி, அவ்வளவுதான்.

ஒரு வால்வை மூடினால் போதும் என்று நீராவிக் குழாயில் கை வைப்பவர்கள் போபாலை நினைக்க வேண்டும். குழாய் கழுவும்போது, தண்ணீர் மேற்கொண்டு போகாமல் தடுக்கும் டம்மித் தகட்டைச் செருகவில்லை; அந்தத் தண்ணீர்தான் விஷத் தொட்டிக்குள் போயிற்று என்று தொழிலாளர் தரப்பும் விஞ்ஞானிகள் பலரும் சொன்னார்கள். யூனியன் கார்பைடு கம்பெனி மறுத்தது. அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளியின் நாசவேலை என்றது! 1984 டிசம்பர் 2ம் தேதி இரவில் ஊரே பிணக்காடானது. பழி மட்டும் ஒரு தொழிலாளியின் தலையில். கசியும் வால்வு ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். இடையில் தகடு போடச் சொல்லுங்கள்.

தொட்டிக்கும் இதுவே. 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில், ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியில் இறங்கிய 3 தொழிலாளிகள் மூச்சுத் திணறி மாண்டார்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். கொஞ்சமாக இருந்தால் நாற்றம் தெரியும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் இல்லீங்க, இறங்கலாம்" என்பது மரண ஓலை. முதலில் விழுந்தவரைத் தூக்கப் பின்னால் குதிப்பவரும் சாவதற்குக் காரணம் இதுதான். கழிவு வரும் குழாயை அடைத்துப் பூட்டி, காற்றை ஊதி, கருவி வைத்து அளந்து, வெளியே கயிறு பிடித்து ஆள் நிற்காமல் எவரையும் இறக்கக்கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

"இதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம், நம் ஊருக்குச் சரிப்படாது" என்பார்கள். பொய். 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில், 1976ல் செய்த திருத்தம் 24(3) என்ற பிரிவைச் சேர்த்தது. தவறுதலாக மேலே ஏறிவிடக்கூடிய சுவிட்சானால், அதை நிறுத்திய நிலையில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அது சொன்னது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் அது நம் நாட்டுச் சட்டமாக இருந்தது. எத்தனை மில்லில் அந்தப் பூட்டைப் பார்த்தீர்கள்?

2025 நவம்பர் 21 முதல் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமுலுக்கு வந்துவிட்டன. தொழிற்சாலைச் சட்டம், 1996ம் வருஷத்துக் கட்டிடத் தொழிலாளர் சட்டம் உட்பட 13 சட்டங்களைப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்பு விழுங்கிவிட்டது. மின்சார சக்தி கொண்டு நடக்கும் பட்டறை தொழிற்சாலையாக வேண்டுமானால் முன்பு 10 பேர் போதும். இப்போது 20 பேர் வேண்டும். பதினைந்து பேர் வேலை செய்யும் நிட்டிங் கூடத்தில் யந்திரம் அதே யந்திரம், பல்சக்கரம் அதே பல்சக்கரம். ஆனால் சட்டத்தின் கணக்கில் அது தொழிற்சாலை அல்லவாம்! கட்டிட வேலையில் 250 பேர் இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். நம் வட்டாரத்தில் ஒரு மேஸ்திரியின் கீழ் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் தளங்கள்தான் மிகுதி. இன்ஸ்பெக்டர் என்ற பெயரையும் இன்ஸ்பெக்டரும் உதவியாளரும் ஆனவர் என்று மாற்றிவிட்டார்கள். யாருக்கு உதவி?

ஆனாலும் கையில் இருப்பதை விடக்கூடாது. உடனடி ஆபத்து உண்டு என்று தோன்றினால் நிர்வாகத்துக்கும் இன்ஸ்பெக்டருக்கும் அறிவிக்கும் உரிமை புதிய தொகுப்பிலும் தொழிலாளிக்கு உண்டு. பாதுகாப்புக் கமிட்டி அமைக்கச் சொல்லும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டு. எழுத்தில் அறிவியுங்கள், நகலைச் சங்கக் காரியாலயத்தில் வையுங்கள். நாளை விபத்து நடந்தால் "எங்களுக்குத் தெரியாது" என்ற பழைய பாட்டைப் பாட அவர்களால் முடியாது.

சட்டம் தானாக வருவதுமில்லை. அமெரிக்காவில் மோட்டார் தொழிலாளர் சங்கம் 1979லேயே, யந்திரத்தைப் பூட்டும் விதியை அவசரமாகக் கொண்டுவரும்படி மனுக் கொடுத்தது. விதி வந்தது 1989 செப்டம்பரில். அந்த விதியால் வருஷத்துக்கு 120 உயிர்கள் தப்பும், 50,000 பேர் காயத்திலிருந்து தப்புவார்கள் என்று அந்நாட்டு சர்க்காரே கணக்கிட்டது. சங்கம் கேட்டதிலிருந்து விதி வருவதற்குப் பத்து வருஷம்! அந்தக் கணக்கின்படி, தாமதத்தின் விலை என்ன என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அங்கேகூடக் கட்டிட வேலையை அந்த விதிக்குள் சேர்க்கவில்லை. அதற்குத் தனியே சில துண்டு விதிகளோடு விட்டுவிட்டார்கள். கட்டிடத் தொழிலாளி எந்தத் தேசத்திலும் கடைசிப் பந்தியில்தான் உட்கார வைக்கப்படுகிறார்.

அவர்கள் சொல்லும் ஆட்சேபம்

"தொழிலாளிதான் அலட்சியம். பூட்டுக் கொடுத்தாலும் போடமாட்டான்" என்கிறார்கள் சிலர். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, மின்சாரம் நிற்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்று ஆக்கி வைத்தது யார்? அரை மணி காத்திருந்தால் அரை மணிக் கூலி போகும் என்றால், பசித்த வயிறு பூட்டைத் தேடுமா, வேலையைத் தேடுமா? காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். பிறகு அலட்சியத்தைப் பற்றிப் பேசலாம்.

"சாவி தொழிலாளி கையில் இருந்தால் அவன் இஷ்டத்துக்கு உற்பத்தியை நிறுத்துவான்" என்பது மற்றொரு பயம். ரயிலைப் பாருங்கள். ஒற்றைப் பாதையில் வண்டி ஓட்டிய டிரைவர்கள், பிரம்பு வளையத்தில் வரும் டோக்கன் கைக்கு வராமல் ஸ்டேஷனை விட்டு நகரமாட்டார்கள். ஒரு பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன். டோக்கன் டிரைவர் கையில் இருந்ததால் ரயில்வே குடிமுழுகிப் போய்விட்டதா? எதிர் வண்டி வராது என்ற உத்தரவாதம் இருந்ததால்தான் வண்டி ஓடியது.

நல்ல முதலாளிகளும் உண்டே என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் நம் உயிர் ஒருவருடைய நல்ல குணத்தில் தொங்கக்கூடாது. நல்லவர் ஊருக்குப் போவார், மறப்பார், கம்பெனியை விற்பார். மடியில் இருக்கும் சாவி எங்கும் போகாது.

நாம் கேட்பவை

1. கட்டிட வேலையிலும் மராமத்து வேலையிலும் ஆபத்தான சக்தி அருகே போகும் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு ஒன்று, சாவி ஒன்று. மாற்றுச் சாவி இருக்கக்கூடாது. செலவு நிர்வாகத்துடையது.

2. ஓடும் தொழிற்சாலைக்குள் கட்டிட வேலை நடந்தால், அதற்குத் தனி மின்பெட்டி வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் காப்புச் சுவிட்சு அதில் இருக்க வேண்டும்.

3. மின்கம்பி அருகில் இரும்புக் கம்பி ஏற்றும் நேரத்துக்கு மின்வாரியத்திடம் எழுத்து மூலம் மின்நிறுத்தம் வாங்கும் பொறுப்பு கட்டிட உடைமையாளருக்கும் காண்ட்ராக்டருக்கும் சேர்ந்தே உண்டு.

4. ஷிப்டு மாறும்போது போகிறவரும் வருகிறவரும் யந்திரத்தின் முன்னால் நேரில் நின்று ஒப்படைக்க வேண்டும். போகிறவர் பூட்டை எடுக்குமுன் வருகிறவர் தம் பூட்டைப் போட வேண்டும்.

5. மின்சாரம் நிறுத்திய நேரத்துக்கு முழுக் கூலி. ஆபத்தைச் சொல்லி வேலையை நிறுத்தியவரைப் பழிவாங்கக்கூடாது.

6. 20 பேருக்குக் குறைந்த பட்டறைக்கும், 10 பேருக்குக் குறைந்த கட்டிடத் தளத்துக்கும் பொதுவாக, வட்டாரம் தோறும் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும். அதில் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் இடம் வேண்டும்.

இவற்றில் சிலவற்றுக்குச் சர்க்கார் அசைய வேண்டும். அதற்குப் போராட்டம் வேண்டும். முதலாவது கோரிக்கைக்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை. தோழர்களே! உங்கள் கிளைக் கூட்டத்தில் இந்த வாரமே இதைப் பேசுங்கள். உங்கள் மில்லில் எத்தனை மெயின் சுவிட்சு உண்டு, எதெதில் பூட்டு மாட்டத் துளை உண்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே கட்டிட வேலை நடந்தால் அங்கே போய் மேஸ்திரியிடம் பேசுங்கள். அவர் சங்கத்தில் இல்லாவிட்டாலும் பேசுங்கள். விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கிணற்றில் இறங்குமுன் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். தோட்டக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கூலி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் அடுத்த வருஷம் போராடி வாங்கலாம். போன உயிருக்கு அடுத்த வருஷம் என்ற ஒன்று கிடையாது. ஆகவே அடுத்த தடவை "ஆப் பண்ணியாச்சு, ஏறுங்க" என்று யார் சொன்னாலும், ஏறுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சாவி எங்கேயுங்க? அது உங்கள் கைக்கு வந்த பிறகு ஏறுங்கள்.